இன்ஜினை இறக்குவது பற்றி

மார்ச் 4

தம்பிக்கு,

உன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். பேசினால் இருவரில் ஒருவர் நடுவிலேயே போனை வைத்துவிடுவோம். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். ஜூன் கடைசி வரைதான் கெடு.

நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்துச் சாக்கடையை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம் கார் ஷெட் நான்கடி அவர்கள் இடத்தில் நிற்கிறதாம். சர்வே ஆபீஸில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டவளிடமே அளவு சொல்கிறார்களா என்று நானே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நான்கடி இரண்டு அங்குலம் இருந்தது. அப்பா கட்டியதுதான் தப்பு. ஆக, ஷெட் இடிபட வேண்டும். ஷெட் இடிந்தால் கார் வெளியே வந்தாக வேண்டும்.

இருபத்தெட்டு வருடமாக அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. டயர்கள் தரையோடு தரையாகிவிட்டன. பழைய வண்டி பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். ஊரில் எல்லோரும் அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெயரைக் கேட்டால் அவரே யோசிக்கிறார். இன்ஜினைச் சுற்றிவிடும் கைப்பிடியை முன்னால் செருகி முழு பலத்தோடு தொங்கிப் பார்த்தார். அவர் ஆடினார், இன்ஜின் ஆடவில்லை.

"ஜாம் ஆயிருக்கும்மா. துருவா, வேற எதனாச்சுமான்னு தொறந்தாதான் தெரியும்" என்றார்.

பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மெல்ல ஆட்டி எழுப்பலாம், ஆனால் அப்படி எழுப்பியது ரொம்ப நாள் நிற்காது என்கிறார். இல்லாவிட்டால் இன்ஜினைக் கீழே இறக்கி முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் இருக்கிறபடியே விற்றுவிடலாம். பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அம்மா போன பிறகு ஆர்.சி. புத்தகம் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. உன் அபிப்பிராயத்தை எழுது.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பல் டாக்டருக்கே கொடுத்துவிடு. கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்ஜினைத் தொட வேண்டாம். எண்ணெய் ஊற்றி ஆட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம், பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். இறக்கிப் பிரிப்பதும் வீண் வேலை. அந்தக் காலத்து பேரிங், கடையில் வாங்கி மாட்டுகிற சாமான் இல்லை. ஈயக் கலவையை உருக்கி அந்தந்த இடத்திலேயே வார்த்து, கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். அத்தனை பாடுபட்டு அதில் யார் எங்கே போகப் போகிறார்கள்?

வெளியே எடுக்கும்போது டயரோடு இழுக்காதே. நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல். கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்.

இங்கே பம்பிங் ஸ்டேஷனில் கோடைக்கு முன்னால் எல்லா பம்ப்பையும் பிரித்துப் பூட்ட வேண்டும். தலைக்கு மேல் வேலை.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

தையல் மிஷினைப் பிரித்தாய், கடிகாரத்தைப் பிரித்தாய், திரும்பப் பூட்டத் தெரியாத வயதிலேயே ரேடியோவையும் பிரித்தாய். "தொட வேண்டாம்" என்று உன் கையால் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

பல் டாக்டர் வந்தார். வலி எங்கே என்று கேட்பது போல பானெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பாடிதான் மேடம் எனக்கு முக்கியம். இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் ஒண்ணு வெச்சுக்குவேன்" என்றார். வேரோடு பிடுங்கியே பழகிய கை. ஸ்பானருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. டாக்டர் போன பிறகு, "இது என்னம்மா, ஆளை வேணாம்னுட்டு சட்டைய மட்டும் கேக்குற மாதிரி" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நீ அனுப்பிய தாள் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை இன்னும் பயன்படுத்தவில்லை.

இன்ஜினை இறக்குவது கஷ்டம் என்பதற்கு நீ எழுதிய காரணங்கள் புரிந்தன. கூடாது என்பதற்கு ஒரு காரணமும் எழுதவில்லை. அப்படி ஒன்று இருந்தால் எழுது.

ஸ்பானர் சீட்டுகளைக் கழற்றினார். எலிகள் பஞ்சு முழுவதையும் குடும்பம் நடத்தித் தீர்த்திருக்கின்றன. பின் சீட்டுக்கு அடியில் அம்மாவின் செருப்பு ஒன்று கிடந்தது. ஒற்றைச் செருப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

செருப்பைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டாய், அதனால் நானும் எழுதுகிறேன்.

அப்பா போன அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு நீ ஆபீஸில் இருந்தாய். அப்பாவைப் பின் சீட்டில் அம்மா மடியில் படுக்கவைத்து நான் ஓட்டினேன். பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகிப் பின் சக்கரம் தேய்ந்துகொண்டே போய் வண்டி நின்றது. மூன்று தடவை கைப்பிடி போட்டுப் பார்த்துவிட்டு, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கும்பிட்டேன். கடைசியில் ஒரு காய்கறி லாரி நின்றது. அப்பாவைத் தூக்கி மாற்றும்போதுதான் அம்மாவின் செருப்பு கழன்றிருக்கும். அம்மா ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரி வராந்தா பூராவும் நடந்தாள். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றார்.

அதற்குப் பிறகு நீ வந்தாய். விரலில் மை இருந்தது. அம்மாவிடம் போகவில்லை. அப்பாவைப் பார்க்க உள்ளே போகவில்லை. நேராக என்னிடம் வந்து, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் நிற்கிற இடத்தில், "ஆயில் பார்த்தியாடா?" என்று கேட்டாய்.

இரண்டே வார்த்தை. நான் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. "மெக்கானிக்கல் படிச்ச பையன், ஆயில் பாக்காம வண்டிய எடுத்திருக்கான் பாரு" என்று பெரியப்பா என் காதுபடவே சொன்னார். ஆறு வருடம் முன்னால் அம்மா போனபோதும் வாசலில் யாரோ இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் லாட்ஜில் தங்கினேன்.

இன்ஜினைத் திறந்தால் அடியில் ஆயில் இல்லாமல் காய்ந்து கிடக்கும். அதை உனக்குப் பார்க்க வேண்டுமென்றிருக்கிறது. எனக்கு வேண்டாம். இந்தக் காரணம் போதுமா?

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதை எப்படி எழுதினாலும் நன்றாக வராது. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா என்னைக் காரைத் தொடவிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். "நீ கியர் போட்டா கியர்பாக்ஸை மடியில கட்டிக்கிட்டுதான் வீட்டுக்கு வரணும்" என்பார். நான் ஆபீஸ் ஜீப்பில், டிரைவரைக் கெஞ்சி, மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசன்ஸ் டெஸ்ட்டுக்கு நாள் கொடுத்தார்கள். டெஸ்ட்டுக்கு வண்டி நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆபீஸ் ஜீப்பைத் தரமாட்டார்கள். அன்று அப்பா வெளியூர் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். நீ இன்டர்வியூவுக்குப் போயிருந்தாய். அம்மா மத்தியானம் தூங்கினாள். நான் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

டெஸ்ட்டில் பாஸ். திரும்பி வரும்போது நம் தெருவுக்குள் வண்டியைத் திருப்புகிற நேரத்தில் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்தில் படுத்துவிட்டது. ஷெட்டுக்கு ஐம்பதடிதான் இருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். வண்டியை உள்ளே விட்டு, அப்பா கண்டுபிடிக்காமலிருக்க டயரிலிருந்த செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்தேன். சாயங்காலம் அவர் வந்தபோது சொல்லியிருக்கலாம். முள்ளைப் பற்றிச் சொன்னால் டெஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைசன்ஸ் கைக்கு வந்ததும் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

வண்டி பாலத்தில் நின்றது என்று ஆபீஸுக்கு ஆள் வந்து சொன்ன உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவில் உன்னைப் பார்த்ததும் அந்தக் கேள்வி தானாக வந்தது என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தானாக வரவில்லை. ஆபீஸிலிருந்து வருகிற வழியெல்லாம் அதைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன்.

லைசன்ஸ் பத்து நாள் கழித்துத் தபாலில் வந்தது. அதன் பிறகு நான் எந்த வண்டியும் ஓட்டியதில்லை.

உன்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இன்ஜினை ஏன் திறக்க வேண்டுமென்கிறேன் என்பதற்காகத்தான் எழுதினேன். உள்ளே இருப்பது யாருடைய தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா


மே 14

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் நாள் போய்க்கொண்டிருக்கிறது. சென்ற திங்கட்கிழமை ஸ்பானரிடம் இன்ஜினை இறக்கச் சொன்னேன். சங்கிலி போட்டுத் தூக்கி, இப்போது அவருடைய பட்டறை மேஜை மேல் இருக்கிறது. பிரிக்கும்போது நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடித்தொட்டியைக் கழற்றியதும் ஆயில் தார் மாதிரி கெட்டியாக வந்தது. அரை பக்கெட். கழற்றுவதற்கு முன்னாலேயே ஸ்பானர் ஆயில் அளக்கும் கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்து அளவைக் காட்டினார். "ஃபுல்லா இருக்கும்மா. இதுல யாரும் கொற வெக்கல" என்றார். யார் என்ன குறை வைத்தார்கள் என்று நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஆயில் பம்ப்பை எடுத்தார். பம்ப்பைச் சுற்றவைக்கும் தண்டில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பின் இருக்கிறது. அது அறுந்திருந்தது. அளவோடு வரைந்து பின்பக்கத்தில் வைத்திருக்கிறேன், பார். பின் அறுந்தால் பம்ப் நின்றுவிடுமாம். தொட்டி நிறைய ஆயில் இருந்தாலும் ஒரு சொட்டுகூட மேலே ஏறாதாம்.

"எப்ப அறுந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"முள்ளு எப்ப விழுந்துச்சோ அப்ப."

"அதுக்கப்புறம் எடுக்காம இருந்திருந்தா?"

"பின்னை மாத்திட்டுப் போயிருக்கலாம். அரை நாள் வேலை."

பேரிங்குகள் உருகி கிராங்க் தண்டோடு ஒட்டியிருக்கின்றன. அதுதான் ஜாம். சிலிண்டர் நன்றாக இருக்கிறதாம், பிளாக்கில் விரிசல் இல்லையாம்.

ஆக, நீ ஆயில் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. கம்பி நிறைய என்றுதான் காட்டியிருக்கும். இதைப் பெரியப்பாவுக்கும் எழுதிவிட்டேன், டெஸ்ட் விஷயம் உட்பட. அவருக்கு எண்பத்தாறு வயது, படித்துவிட்டு யாரைப் பற்றிய கடிதம் என்று கேட்டாராம். சித்தப்பா வீட்டில் ஒழுங்காகப் படித்தார்கள். அவர்கள் என்னிடம் பேசவில்லை.

இனி இரண்டில் ஒன்று. இப்படியே எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி பல் டாக்டரிடம் கொடுக்கலாம். அல்லது கிராங்க் தண்டைக் கடைந்து, பேரிங் வார்த்து, திரும்பப் பூட்டலாம். இதை நான் முடிவு செய்யப் போவதில்லை. ஒரு வரி எழுது, அதன்படி செய்கிறேன்.

அக்கா


மே 25

அக்காவுக்கு,

ஏப்ரல் கடிதத்தைப் படித்த அன்று கிழித்துப்போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. பதில் எழுதவும் கை வரவில்லை. நீ அன்று சாயங்காலம் வாயைத் திறந்திருந்தால் அப்பா அந்த வண்டியை நிறுத்தியிருப்பார். அதனால் ஒன்றுமில்லை, விடு என்று எழுத என்னால் முடியாது. கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும்.

ஆனால் நானும் ஒன்று எழுத வேண்டும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாவு மில் திருப்பத்தில் நானும் முள்ளைப் பார்த்தேன், பூஜ்யத்தில் இருந்தது. எனக்கு அது மீட்டர் கோளாறாகத் தெரியவில்லை. என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரியும், அதைத்தானே படித்தேன். ஐந்து நிமிஷம் தாங்கும், ஆஸ்பத்திரி இரண்டரை கிலோமீட்டர், போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். மில்லுக்கு எதிரில் டாக்ஸி ஸ்டாண்ட். இரண்டு டாக்ஸி சும்மா நின்றுகொண்டிருந்தன. ஒரு டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். அம்மா, "டாக்ஸில மாத்திடலாமாடா?" என்று கேட்டாள். நான், "வேணாம்மா, போயிடலாம்" என்றேன்.

நிறுத்தி மாற்றி ஏற்றியிருந்தால் ஐந்து நிமிஷம் போயிருக்கும். பாலத்தில் நாற்பது நிமிஷம் போயிற்று. அம்மா கடைசி வரை இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நீ வராந்தாவில் ஆயிலைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. எண்ணெய் பார்க்க மறந்தவன் என்று பேர் வாங்குவது லேசு. டாக்ஸி ஸ்டாண்டைத் தாண்டிப் போனவன் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேரையே வைத்துக்கொண்டு, உன்மேல் கோபத்தையும் வைத்துக்கொண்டு, ஊரைவிட்டு வந்துவிட்டேன். கோபம் இருந்தால் மற்றதை யோசிக்க வேண்டியதில்லை.

இன்ஜினைப் பூட்டலாம். பெட்டியில் கட்ட வேண்டாம்.

தண்டைக் கடைசலுக்குக் கொடுக்கச் சொல்லாதே. நான் அளக்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. உருகினதைச் சுரண்டும்போது உளி போடாமல் மரக்கட்டையால் தள்ளச் சொல். பேரிங் வார்க்க இங்கே எங்கள் ஸ்டேஷனுக்கு வேலை செய்கிற ஆள் இருக்கிறார், சாமானோடு வருகிறேன் என்றிருக்கிறார். ஜூன் 6 சனிக்கிழமை காலை வருகிறோம். எனக்குப் பத்து நாள் லீவு. அவருக்கு ஸ்பானர் பட்டறையில் இடம் கேள். எனக்கு எங்கேயாவது.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவலை ஸ்பானர் சொன்னார். அவரோடு தினமும் போனில் பேசுகிறாய் என்று தெரிகிறது. நல்லது.

முன் அறையில் நீ படுத்த பாயை இன்றைக்குத்தான் சுருட்டினேன். பத்து நாளில் நாம் இன்ஜின் தவிர வேறென்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "டெஸ்ட்ல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டாய். "சொன்னாங்க. இடிக்கல" என்றேன். நீ தலையாட்டிவிட்டுத் தயிர் ஊற்றிக்கொண்டாய். அவ்வளவுதான். அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

நீ போனபோது வராதிருந்த கேஸ்கெட் 22ஆம் தேதி வந்தது. 26ஆம் தேதி இன்ஜினை வண்டியில் ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை கைப்பிடி போட்டார்கள். முதல் இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. புகை போய் எதிர்வீட்டுத் துணிகளிலெல்லாம் படிந்து, அந்த அம்மாள் வந்து சத்தம் போட்டார். ஸ்பானர் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காதது போல நின்றுகொண்டார்.

கேஸ்கெட்டுக்குக் காத்திருந்த நாட்களிலேயே நான் போய் லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். ஸ்பானர் கொண்டுவந்த வண்டியில் புது டெஸ்ட்டும் வைத்தார்கள். பழைய அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டு அந்தக் கிளார்க், "இத்தன வருஷமா ஓட்டலியா மேடம்?" என்று கேட்டார். "வண்டி ரிப்பேர்" என்றேன்.

நேற்று கடைத்தெரு வரைக்கும் ஓட்டினேன், ஸ்பானர் பக்கத்தில். முள் நடுவில்தான் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. "அதை நான் பாத்துக்கறேன், நீங்க ரோட்டைப் பாருங்கம்மா" என்று அதட்டினார். திரும்பி வரும்போது பாலத்துப் பக்கம் போகலாமா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஷெட்டை இடித்தாகிவிட்டது. கார் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. பல் டாக்டர் மறுபடி வந்தார். இப்போது இன்ஜினும் வேண்டுமாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

பல் டாக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். விற்பதா வேண்டாமா என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இங்கே வீட்டில் ஒரு சண்டை. பத்து நாள் எங்கே போனாய், பழைய காருக்கா போனாய் என்று என் மனைவி விடாமல் கேட்டதில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டாக்ஸி ஸ்டாண்ட் வரைக்கும். கடைசி வரை கேட்டாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "இருபது வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். எங்கிட்ட இதைச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லைல்ல?" என்றாள். நான்கு நாளாக என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களாவது எழுதினாங்களே" என்கிறாள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறோம். காலை ஒன்பதேகால் ரயில். ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறோம் என்று நான் சொன்னேன். கார் இருக்கும்போது எதற்கு ஆட்டோ என்கிறாள். ஆகவே நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டும். ஸ்பானரைக் கூட்டி வராதே, வரும் வழியில் உன்னிடம் பேச வேண்டியது இருக்கிறது, அவர் இருந்தால் இன்ஜினைத் தவிர வேறு பேச்சு நடக்காது.

பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும். முன் சீட்டு அவளுக்கு. நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வர பாலத்தை விட்டால் வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். சீக்கிரமே கிளம்பி மெதுவாக வா. பேரிங் புதுசு, முதல் ஐநூறு கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது.

தம்பி